ஏபி வகுப்பில் சேர ஒரு விதி, விலக இன்னொரு விதி

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அடுத்த கல்வியாண்டுக்கான பாடத் தேர்வு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சிலேயே முடிந்துவிடும். எந்தெந்த ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், பள்ளியிலேயே நடக்கும் கல்லூரித் தரப் பாடம்) வகுப்பு வேண்டும், மொத்தம் எத்தனை என்று பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை அப்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த வகுப்பு உண்மையில் எப்படிப்பட்டது என்று தெரியவருவதோ ஆகஸ்ட் கடைசியில், இல்லையென்றால் செப்டம்பரில். முதல் தேர்வுத் தாள் திருத்தப்பட்டுக் கைக்கு வர அதற்கும் மேல் இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆனால் பல பள்ளிகளின் கையேட்டில், வகுப்பை மாற்ற வேண்டுமானால் பள்ளி திறந்த பத்து நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று இருக்கும். தனக்கு இந்தப் பாடம் ஒத்துவருமா என்று பிள்ளை தெரிந்துகொள்வதற்குள் கெடு முடிந்துவிடுகிறது.

ஏபி பற்றிய விவாதமெல்லாம் யாரைச் சேர்ப்பது என்பதைச் சுற்றியே நடக்கிறது. அதற்காக மாநிலங்கள் சட்டம் போட்டிருக்கின்றன, வழக்குகள் நடந்திருக்கின்றன, பத்திரிகைகள் தரவரிசை வெளியிடுகின்றன. விலகும் விதியோ கையேட்டில் ஏதோ ஒரு பக்கத்தில் நாலு வரியாகக் கிடக்கிறது. அந்த நாலு வரியை வைத்துத்தான் பல பிள்ளைகள், முக்கியமாக வீட்டில் வழிகாட்ட ஆளில்லாத பிள்ளைகள், சேர்வதா வேண்டாமா என்பதையே முடிவு செய்கிறார்கள். தோற்றால் திரும்பி வர வழியில்லை என்றால் யார் துணிந்து இறங்குவார்கள்? சேரும் விதியை எவ்வளவுதான் தாராளமாக்கினாலும், விலகும் விதியைத் தொடாமல் விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சிலருக்காகத் தொடங்கியது

பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி முதலாண்டுத் தரத்தில் ஒரு பாடத்தைப் படித்து, மே மாதம் பொதுத் தேர்வு எழுதுவதுதான் ஏபி. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வாங்கினாலே பல அரசுப் பல்கலைக்கழகங்கள் கிரெடிட் தரும், அதாவது அந்தக் கல்லூரிப் பாடத்தை முடித்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பேர்பெற்ற இடங்களில் 4, 5 கேட்பார்கள். சில கல்லூரிகள் எதையுமே ஏற்பதில்லை. கால்குலஸ், வேதியியல், அமெரிக்க வரலாறு, உளவியல் என்று இன்று ஏறத்தாழ நாற்பது பாடங்கள் இருக்கின்றன. தமிழ் இல்லை, வேறு எந்த இந்திய மொழியும் இல்லை.

இதன் தொடக்கம் 1950களின் முதல் ஆண்டுகளில். ஃபோர்டு அறக்கட்டளையின் பண உதவியோடு ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் ஆண்டோவர், எக்ஸிட்டர், லாரன்ஸ்வில் என்ற மூன்று வசதியான தனியார் பள்ளிகளும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தன. பள்ளிக் கடைசி ஆண்டில் படித்ததையே கெட்டிக்காரப் பிள்ளைகள் கல்லூரி முதலாண்டிலும் திரும்பப் படிக்கிறார்களே, அந்தக் காலம் வீண்தானே என்பது அவர்கள் கவலை. 1955ல் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பு இந்தத் திட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1956 மே மாதம் அதன் கீழ் முதல் தேர்வுகள் நடந்தன.

இந்தப் பிறப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களில் ஒரு சிலருக்காகவே அன்று ஏபி உருவானது. முந்தைய பாடத்தில் ஏ வாங்கியிருக்க வேண்டும், ஆசிரியர் பரிந்துரை வேண்டும், சில இடங்களில் தனி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்ற நிபந்தனைகளெல்லாம் அந்தக் காலத்து மிச்சம்.

அந்த எண்ணத்தை உடைத்த பேர் ஹைமே எஸ்கலான்டே. பொலிவியாவிலிருந்து வந்த இந்தக் கணித ஆசிரியர் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் கால்குலஸ் நடத்தினார். மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் நிறைந்த பள்ளி அது. 1982ல் அவருடைய மாணவர்கள் 18 பேர் தேறினார்கள். தேர்வை நடத்திய அமைப்புக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விடைகள் ஒன்றுபோல் இருக்கின்றன என்று சொல்லி 14 பேரின் மதிப்பெண்ணைக் கேள்விக்குள்ளாக்கியது. 12 பேர் மறுபடி எழுதினார்கள், பன்னிரண்டு பேரும் தேறினார்கள். ஏழைப் பிள்ளைகளால் முடியாது என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை. ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த வேலையைப் பலர் கவனிப்பதில்லை. கால்குலஸுக்கு முன் வரும் கணித வகுப்புகளை எல்லாம் எஸ்கலான்டே சீர்செய்தார், அருகிலிருந்த கல்லூரியில் கோடை வகுப்புகள் நடத்தினார். தயாரிப்பு இல்லாமல் யாரையும் அவர் கால்குலஸில் உட்கார வைத்துவிடவில்லை.

1998ல் நியூஸ்வீக் இதழில் ஜே மேத்யூஸ் உயர்நிலைப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கினார். அவர் கணக்கு மிக எளிது: பள்ளியில் எழுதப்பட்ட ஏபி போன்ற தேர்வுகளின் எண்ணிக்கையை, அந்த ஆண்டு படிப்பு முடிக்கும் மாணவர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எத்தனை பேர் தேறினார்கள் என்பது கணக்கில் வராது. கடினமான பாடத்தை முயன்று பார்ப்பதே பிள்ளைக்கு நல்லது என்ற நல்லெண்ணம்தான் அதற்குப் பின்னால் இருந்தது. விளைவு வேறு மாதிரியும் போனது. மே மாதத் தேர்வு வரை எத்தனை பேரை வகுப்பில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பள்ளியின் இடம் மாறும் என்றால், விலக விரும்பும் பிள்ளையை விட்டுவிடப் பள்ளிக்கு மனம் வருமா?

அடுத்த ஆண்டே, 1999ல், இங்கிள்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சார்பில் ஏசிஎல்யூ என்ற உரிமை அமைப்பு கலிஃபோர்னியா மாநிலத்தின் மீது வழக்குப் போட்டது. பணக்காரப் பகுதிப் பள்ளிகளில் ஏபி பாடங்கள் கொட்டிக் கிடக்க, கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் படிக்கும் தங்கள் பள்ளியில் கணிதத்திலும் அறிவியலிலும் ஒரு ஏபி வகுப்புகூட இல்லையே என்பது அவர்கள் முறையீடு. இப்படிப் பல பக்கமிருந்தும் வந்த அழுத்தத்தால் நிலைமை மாறியது. இன்று அமெரிக்க அரசுப் பள்ளிகளில் படிப்பை முடிப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர் ஒரு ஏபி தேர்வாவது எழுதியிருக்கிறார்கள்.

சேர்ப்பதில் வந்த மாற்றம்

ஆசிரியர் பரிந்துரை இருந்தால்தான் இடம் என்ற முறை பார்க்க நியாயமாகவே தெரியும். பிள்ளையை ஆசிரியரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? சிக்கல் என்னவென்றால், பரிந்துரை கிடைக்காத வசதியான குடும்பம் அதோடு நிற்பதில்லை. பெற்றோர் கையெழுத்திட்டு 'எங்கள் பொறுப்பில் சேர்க்கிறோம்' என்று கொடுக்கும் படிவம் ஒன்று பல பள்ளிகளில் உண்டு. அப்படி ஒன்று இருப்பது தெரிந்த வீட்டுப் பிள்ளை உள்ளே போய்விடும். இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பும், ஆங்கிலம் சரளமாக வராத அம்மாவுக்கு அந்தப் படிவம் இருப்பதே தெரியாது. அவள் பிள்ளைக்குப் பரிந்துரை இல்லை என்றால் அதுதான் முடிவு.

வட கரோலினாவில் 2017ல் ஒரு நாளிதழ் மாநிலத்தின் தேர்வுத் தரவுகளை அலசி, இதைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தியது. ஒரே மாதிரி உயர்ந்த மதிப்பெண் எடுத்த பிள்ளைகளில், ஏழை வீட்டுப் பிள்ளைகள் மேல்நிலைக் கணித வகுப்புகளிலிருந்து அதிகமாக விடுபட்டுப் போயிருந்தார்கள். மறுவருடமே சட்டம் வந்தது. மாநிலக் கணிதத் தேர்வில் உச்ச நிலை எட்டிய பிள்ளையை அடுத்த ஆண்டு மேல்நிலைக் கணிதத்தில் சேர்த்தே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி வேறு: அப்படிச் சேர்ந்த பிள்ளையை எடுத்துவிட வேண்டுமென்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், அதுவும் பிள்ளை இந்த இடத்தைத் தன் மதிப்பெண்ணால் பெற்றது என்பதை அவர்களுக்கு விளக்கிச் சொன்ன பிறகு. சேர்ப்பதைப் பற்றிப் பேசும்போதே விலக்குவதைப் பற்றியும் யோசித்த சட்டம் அது.

வாஷிங்டன் மாநிலத்தில் ஃபெடரல் வே என்ற பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) 2010லேயே இதைச் செய்துகாட்டியது. மாநிலத் தேர்வில் தகுதி பெற்ற பிள்ளை கேட்க வேண்டியதே இல்லை; அடுத்த கட்டக் கடின வகுப்பில் அதன் பெயர் தானாக ஏறிவிடும். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். 2019ல் மாநிலம் முழுவதற்கும் இதைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. டெக்சஸ் 2023ல் போட்ட சட்டப்படி, ஐந்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் முதல் நாற்பது சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் மேல்நிலைக் கணிதத்துக்குத் தானாகப் போவார்கள். இல்லினாயிலும் இதைப் போன்ற சட்டம் இருக்கிறது.

இந்த முறையின் பலம் மிகச் சாதாரணமான ஓர் இடத்தில் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும் என்றிருக்கும்போது, கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் கிடைக்கும். சும்மா இருந்தாலே கிடைக்கும் என்று மாற்றிவிட்டால், சும்மா இருக்கிறவர்களுக்கும் கிடைக்கிறது. நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் தானாகச் சேர்க்கப்பட்ட பிள்ளை செப்டம்பரில் தடுமாறினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தச் சட்டங்களில் பெரும்பாலும் பதில் இல்லை. அதை அந்தந்தப் பள்ளியின் கையேடுதான் சொல்கிறது.

அக்டோபரில் ஒரு மாணவி

விதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு பதினோராம் வகுப்பு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஏபி வேதியியலில் இருக்கிறாள். ஏழாவது வாரம், இரண்டு தேர்வும் ஓர் ஆய்வக அறிக்கையும் முடிந்து, சராசரி 68. வாரத்தில் நாலு இரவு இந்த ஒரு பாடத்துக்கே போகிறது. கணிதத்திலும் சறுக்கத் தொடங்கிவிட்டது. சாதாரண வகுப்புக்கும் ஏபிக்கும் இடைப்பட்ட ஹானர்ஸ் வேதியியலுக்கு இறங்கிவிடலாம் என்று நினைக்கிறாள். பாடத்தை அடியோடு விடவில்லை, அதே பாடத்தில் ஒரு படி இறங்குகிறாள், அவ்வளவுதான்.

முதல் தடை கால அட்டவணை. ஏபி வேதியியல் அவளுக்கு இரண்டாவது பீரியட். ஹானர்ஸ் வகுப்பு ஆறாவது பீரியடில் மட்டும்தான் நடக்கிறது, அந்த நேரத்தில் அவளுக்கு ஆங்கிலம். ஆங்கிலத்தை இரண்டாவது பீரியடுக்குக் கொண்டுவரலாம் என்றால் அங்கே இடம் நிரம்பிவிட்டது. ஒரு வகுப்பை மாற்றப் போய் மூன்று வகுப்பு மாறுகிறது. இரண்டு ஆசிரியர்கள் ஏழு வாரம் கழித்துப் புதுப் பிள்ளையை ஏற்க வேண்டும். பள்ளி நிர்வாகத்தின் பயம் இங்கேதான் இருக்கிறது, அது பொய்யான பயமும் இல்லை. வசந்த காலத்தில் பிள்ளைகள் கொடுத்த எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை பிரிவு, எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்கிறார்கள். ஏபி வகுப்பில் 26 பேர் எழுதிக் கொடுத்து, அக்டோபரில் 14 பேர் மிஞ்சினால், பக்கத்து வகுப்பில் 38 பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே பிப்ரவரியிலேயே மாணவியும் பெற்றோரும் கையெழுத்திடும் ஒப்பந்தத் தாள் ஒன்றைப் பல பள்ளிகள் வைத்திருக்கின்றன: கோடைக்காலப் பாடவேலையைச் செய்வேன், ஆண்டு முழுவதும் இந்த வகுப்பில் இருப்பேன், மே மாதத் தேர்வை எழுதுவேன் என்று.

அட்டவணையில் இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது, அந்த 68 அவளோடு வருமா? இதில் பள்ளிக்குப் பள்ளி விதி மாறும். சில இடங்களில் 68 அப்படியே ஹானர்ஸ் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏபி தரத்தில் திருத்திய மதிப்பெண்ணை ஹானர்ஸ் தரத்தில் படித்தவர்களோடு சேர்த்து எண்ணுவார்கள். சில பள்ளிகள் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். சில பள்ளிகள் புதிதாகத் தொடங்கச் சொல்லும். பிள்ளையின் ஆண்டு முழுவதையும் பாதிக்கும் விஷயம் இது. பெற்றோர் பலருக்கு இது தெரியவருவது மாற்றல் படிவத்தை நிரப்பும்போதுதான்.

மூன்றாவது, டிரான்ஸ்கிரிப்ட், அதாவது கல்லூரிகளுக்குப் போகும் மதிப்பெண் பட்டியல். கெடுவுக்குள் விலகினால் அந்த வகுப்பில் இருந்த தடயமே இருக்காது. கெடு தாண்டினால் 'டபிள்யூ' என்று ஓர் எழுத்து விழும், அதாவது விலகினார் என்று. இன்னும் தாமதமானால் சில பள்ளிகளில் 'டபிள்யூஎஃப்': தோல்வி நிலையில் விலகினார். அது ஜிபிஏ (எல்லாப் பாடங்களின் சராசரிப் புள்ளி) கணக்கில் எஃப் போலவே எண்ணப்படும் இடங்களும் உண்டு. இறங்கலாமா என்று யோசிக்கும் பிள்ளை இந்த எழுத்துகளைத்தான் நினைத்து நடுங்குகிறது.

ஜிபிஏ கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தங்கியிருக்கச் சொல்லித் தூண்டுவது பல நேரம் இதுதான். சாதாரண வகுப்பில் ஏ என்றால் 4, பி 3, சி 2. பல பள்ளிகளில் ஏபிக்கு ஒரு புள்ளி கூடுதல்: ஏ 5, பி 4, சி 3. ஆக ஏபியில் சி வாங்கினாலும் சாதாரண வகுப்பில் பி வாங்கினாலும் கூடுதல் சேர்த்த ஜிபிஏயில் ஒன்றுதான். கூடுதல் சேர்க்காத ஜிபிஏயில் அது 2, இது 3. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்குத் தானே ஒரு ஜிபிஏ கணக்கிடுகிறது. சி அல்லது அதற்கு மேல் வாங்கினால்தான் கூடுதல் புள்ளி, அதுவும் எட்டு செமஸ்டர் வகுப்புகள் வரைதான், அவற்றில் பத்தாம் வகுப்பில் எடுத்தவை நான்குக்கு மேல் போகக் கூடாது. டி வாங்கினால் கூடுதல் புள்ளி கிடையாது. நம் மாணவி 68லேயே நின்றால் வழக்கமான அளவுகோலில் அது டி. எதற்காகத் தங்கினாளோ அந்தப் புள்ளியே அவளுக்குக் கிடைக்காது.

நான்காவது, தேர்வுக் கட்டணம். இதில் நடந்த மாற்றத்தைப் பலர் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் மே மாதத் தேர்வுக்கு வசந்த காலத்தில் பணம் கட்டினால் போதும். அரை ஆண்டு படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். 2019-20 கல்வியாண்டிலிருந்து காலேஜ் போர்டு இதை இலையுதிர் காலத்துக்கு முன்தள்ளியது. முழு ஆண்டு வகுப்புகளுக்கு நவம்பர் நடுவில் கடைசித் தேதி வரும். பள்ளிகள் தங்கள் வசதிக்காக அதற்கும் முன்பே கெடு வைக்கின்றன. 2025ல் அமெரிக்காவில் ஒரு தேர்வுக்குப் பொதுவான கட்டணம் 99 டாலர். தாமதமாகப் பதிந்தால் 40 டாலர் கூடுதல். பதிந்துவிட்டு எழுதாமல் போனாலும் 40 டாலர் கட்ட வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணத்தில் காலேஜ் போர்டு 37 டாலர் குறைக்கிறது. சில மாநிலங்களில் அரசே கட்டிவிடுகிறது.

ஆண்டின் தொடக்கத்திலேயே பணம் கட்டியவர்கள் கடைசிவரை நின்று தேர்வு எழுதுகிறார்கள், முன்பு ஒதுங்கிய பிள்ளைகளும் எழுதுகிறார்கள் என்பது காலேஜ் போர்டு சொன்ன காரணம். அதில் உண்மை இருக்கிறது. முன்கூட்டியே உறுதி கொடுத்தால் மனம் ஒன்றும். ஆனால் அந்த உறுதிக்கு விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. நாலு ஏபி எடுத்த பிள்ளைக்கு அக்டோபரிலேயே நானூறு டாலர் எண்ணி வைக்க முடியாத வீடுகள் இருக்கின்றன. டிசம்பரில் ஒரு பாடத்தை விட்டுவிடலாம் என்று நினைக்கும்போது அந்த 40 டாலரும் கணக்கில் வந்து நிற்கிறது.

விடக் கூடாது என்பவர்களின் நியாயம்

பத்து நாள் கெடுவை நான் எதிர்க்கிறேன் என்பதால், அந்தப் பக்கத்து வாதத்தை லேசாகச் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். ஏபி வகுப்பின் முதல் தேர்வு கிட்டத்தட்ட எல்லோரையும் உலுக்கும். அதுவரை படிக்காமலே ஏ வாங்கிய பிள்ளை வாழ்க்கையில் முதல்முறையாக 70ஐப் பார்க்கிறது. உடனே விட்டுவிடலாம் என்று தோன்றும். ஒரு மாதம் பொறுத்தால் படிக்கும் முறை மாறும், நவம்பரில் 80க்கு வந்துவிடுவார்கள். அனுபவமுள்ள ஏபி ஆசிரியர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கதவைத் திறந்தே வைத்திருந்தால் அந்த முதல் அதிர்ச்சியிலேயே பலர் போய்விடுவார்கள். அதிலும், வகுப்பில் தன்னைப் போன்றவர்கள் வேறு யாருமே இல்லை, இது நமக்கான இடமில்லை என்று உணரும் பிள்ளைதான் முதலில் போகும். தானாகச் சேர்க்கும் சட்டம் யாரை உள்ளே கொண்டுவந்ததோ அவர்களையே இழப்போம்.

இது சரியான கவலை. இதற்கு மருந்து கெடுவை முன்னால் வைப்பதில் இல்லை. பத்தாவது நாளில் கெடு வைத்தால் என்ன ஆகிறது? முதல் தாள் வருமுன்னே, பயத்தில் மட்டும், சிலர் அவசரமாக ஓடிவிடுகிறார்கள். மீதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆண்டு முழுவதும் மூழ்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு அதில் கற்பது எதுவும் இல்லை.

கெடு தாண்டிய பிறகும் சிலர் வெளியே வந்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முதல்வருக்கு மின்னஞ்சல் எழுதி, நேரில் போய்ப் பேசி, மருத்துவர் கடிதம் வாங்கி, விதிவிலக்கு பெறும் குடும்பங்கள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. கண்டிப்பான விதி என்பது நடைமுறையில் பேசத் தெரியாதவர்களுக்கு மட்டும் கண்டிப்பாகிவிடுகிறது. சேர்வதில் நாம் ஒழித்த அதே அநீதி விலகுவதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நியூ ஜெர்சி, டெக்சஸ், கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதி என்று நம்மவர்கள் கூடி வாழும் இடங்களில் சிக்கல் இன்னொரு விதமாக வருகிறது. பதினோராம் வகுப்பில் எடுத்த குரூப்தான் வாழ்க்கை என்ற ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். முதல் குரூப்பிலிருந்து இறங்குவது குடும்பத்துக்கே தலைகுனிவு என்று வளர்ந்தவர்களுக்கு, பிள்ளை 'ஏபி வேண்டாம்ப்பா, ஹானர்ஸ் போதும்' என்று சொல்வது தோல்விச் செய்தியாகக் கேட்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஆறு ஏபி எடுக்கிறான் என்ற பேச்சு உடனே வரும். இங்கே குரூப் கிடையாது. ஒரு பாடத்தில் ஒரு படி இறங்கினால் மற்ற பாடங்கள் அப்படியே இருக்கும், பொறியியலோ மருத்துவமோ படிக்கும் வழி அடைபடாது. இது பெற்றோருக்குப் புரிவதற்குள் அந்த ஆண்டு முடிந்துவிடுகிறது.

நியூ ஜெர்சியில் பிரின்ஸ்டனுக்கு அருகிலுள்ள வெஸ்ட் விண்ட்சர்–பிளெயின்ஸ்போரோ பள்ளி மாவட்டத்தில் 2015ல் நடந்தது இதன் உச்சம். இந்திய, சீனக் குடும்பங்கள் நிறைந்த ஊர். மாவட்டக் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்டு பெற்றோருக்குப் பதினாறு பக்கக் கடிதம் எழுதினார். முந்தைய ஆண்டில் 120 மாணவர்களை மனநல மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது, 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்று அந்தச் சமயத்தில் வெளியானது. இடைத்தேர்வு, இறுதித் தேர்வு நீக்கப்பட்டன, வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் வந்தன, முடுக்கிய கணித வகுப்பு குறைக்கப்பட்டது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. பாடத்தின் தரத்தைக் குறைத்து எங்கள் பிள்ளைகளின் வாய்ப்பைப் பறிக்கிறீர்கள் என்று ஆசிய அமெரிக்கப் பெற்றோரில் ஒரு பகுதியினர் கொதித்தார்கள். எனக்கு இரண்டு பக்கத்தின் வலியும் புரிகிறது. எல்லோருக்கும் வகுப்பை நீக்குவதும், எல்லோரையும் வகுப்பில் அடைத்து வைப்பதும் மட்டுமே வழிகள் இல்லை. வேண்டிய பிள்ளை இருக்கலாம், முடியாத பிள்ளை மானத்தோடு இறங்கலாம் என்ற நடுவழி கையேட்டின் அந்த நாலு வரியில்தான் இருக்கிறது.

கெடு எங்கே இருக்க வேண்டும்

என் பார்வையில், தடயமில்லாமல் இறங்குவதற்கான கெடு முதல் மதிப்பீட்டு அறிக்கைக்குப் பின் ஒரு வாரமாவது இருக்க வேண்டும். பல பள்ளிகளில் அது ஆறாவது வாரம் முதல் ஒன்பதாவது வாரத்துக்குள் வரும், அதாவது அக்டோபரில். தேர்வுப் பதிவுக்கான நவம்பர் கெடுவுக்கும் முன்னால்தான் இது விழுகிறது, ஆகவே நாற்பது டாலர் பிரச்சினையும் இல்லை. விண்ணப்பிக்கும் முன் ஒரு நிபந்தனை வைக்கலாம்: பிள்ளை இரண்டு முறையாவது ஆசிரியரைத் தனியாகப் பார்த்து உதவி கேட்டிருக்க வேண்டும், பிறகு ஆசிரியர், பெற்றோர், கவுன்சிலர் (பாடத் தேர்வில் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பள்ளி ஊழியர்) மூவரும் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும். அதிர்ச்சியில் ஓட நினைத்த பிள்ளைகளில் பலர் அந்தப் பேச்சிலேயே தங்கிவிடுவார்கள். ஒரே பாடத்துக்குள் இறங்கினால் மதிப்பெண் புதிதாகத் தொடங்க வேண்டும், இல்லையென்றால் நியாயமாகக் கூட்டித் தர வேண்டும். டிரான்ஸ்கிரிப்டில் எழுத்து விழக் கூடாது.

இதற்கு அட்டவணை போடுபவர் ஒத்துழைக்க வேண்டும். ஏபி வேதியியலும் ஹானர்ஸ் வேதியியலும் ஒரே பீரியடில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் நடந்தால், இறங்குவதற்கு ஒரு நிமிட நடை போதும். பெரிய பள்ளிகளில் இது முடியும். ஒரே ஒரு வேதியியல் ஆசிரியர் இருக்கும் சின்ன ஊர்ப் பள்ளியில் முடியாது. அங்கே அதே வகுப்பில் இருந்துகொண்டே ஹானர்ஸ் பாடமாகப் பதிந்து, ஏபிக்கான கூடுதல் பகுதிகளையும் மே தேர்வையும் விட்டுவிட அனுமதிக்கலாம். கவுன்சிலர்களின் எண்ணிக்கையும் கூட வேண்டும். அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர்கள் சங்கம் 250 மாணவர்களுக்கு ஒருவர் வேண்டும் என்கிறது. தேசியச் சராசரி இன்னும் அந்த அளவை எட்டவில்லை. நானூறு பிள்ளைகளுக்கு ஒருவர் என்றால் அக்டோபரில் மூவரும் உட்கார்ந்து பேச நேரம் எங்கிருந்து வரும்?

பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் தனி எச்சரிக்கை. கல்லூரி விண்ணப்பத்தில் அந்த ஆண்டு படிக்கும் பாடங்களை எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதன்பின் ஒரு ஏபியை விட்டால் கல்லூரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இதைத் தெளிவாகக் கேட்கிறது, சேர்க்கையே இந்த நிபந்தனையோடுதான் வருகிறது. சொல்லிவிட்டு இறங்குவதில் பெரும்பாலும் சிக்கலில்லை. சொல்லாமல் விட்டு, கோடையில் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேரும்போது மாட்டுவதுதான் ஆபத்து.

ஆகவே பிப்ரவரியில் அந்த ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடுவதற்கு முன் கவுன்சிலரிடம் கேட்டுவிடுங்கள். விலகும் கெடு முதல் மதிப்பீட்டு அறிக்கைக்கு முன்னா பின்னா? இறங்கினால் மதிப்பெண் கூடவே வருமா? எந்தத் தேதிக்குப் பின் டபிள்யூ விழும்? வகுப்பில் இருந்துகொண்டே மே தேர்வை எழுதாமல் விடலாமா, விட்டால் கூடுதல் புள்ளி போய்விடுமா? வகுப்பில் இல்லாமலே தேர்வு மட்டும் எழுத இந்தப் பள்ளியில் இடம் தருவார்களா? காலேஜ் போர்டு விதிப்படி அது முடியும். வகுப்பிலிருந்து இறங்கிய பிள்ளைகூடப் பின்னால் தானே படித்து எழுதலாம். பதில் கையேட்டில் இல்லை என்றால் எழுத்தில் கேளுங்கள்.

பதில் உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால், அதை மாற்றும் அதிகாரம் பள்ளி வாரியத்திடம் இருக்கிறது. பெரும்பாலான மாவட்டங்களில் அந்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது ஊர்மக்கள்தான். கூட்டங்கள் பொதுவில் நடக்கின்றன, யார் வேண்டுமானாலும் எழுந்து பேச நேரம் ஒதுக்குகிறார்கள். அடுத்த ஆண்டுக்கான பாடக் கையேட்டைப் பெரும்பாலும் குளிர்காலத்தில் இறுதி செய்துவிடுவார்கள். அதில் மாற்றம் வேண்டும் என்றால் அக்டோபர், நவம்பர் கூட்டங்களிலேயே பேச வேண்டும், உங்கள் பிள்ளை இந்த ஆண்டு தப்பித்துவிட்டாலும்.